போகாத விருந்தாளி

அந்த நோய்க்கு எங்கள் பேச்சில் ஒரு பெயர் வைப்பதற்காகக் கூட்டம் போட்டார்கள். நீர்நாய்த்துறையில் பிள்ளைக்குப் பெயர் வைக்க ஒரு கெட்டில் டீ போதும். இதற்குக் கெட்டில் மேல் கெட்டிலாகப் போயிற்று.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துக்கு வடக்கே, தார் ரோடு தீர்ந்து சரளை ரோடும் தீர்கிற இடம் எங்களுடையது. க்ரீ பழங்குடி ஆட்கள். அந்தச் சமயத்தில் சின்ன வயசுக்காரர்களாகப் பார்த்து ஏரிக்கரைக் கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நகரத்துக்கு வேலை தேடிப் போய் ஊசிப் பழக்கத்தோடு திரும்பியவர்கள், அவர்களைக் கட்டியவர்கள். எச்.ஐ.வி. என்று அரசாங்கம் அச்சடித்து அனுப்பியதெல்லாம் நர்ஸ் அறைச் சுவரிலேயே மஞ்சளாகிப் போனது. வெளியூர்க்காரன் போட்ட திட்டம் போதும், இனி நாமே போடுவோம், நம்ம ஆட்களை வைத்து நம்ம பேச்சிலேயே போடுவோம் என்று கமிட்டி அமைத்தார்கள். தலைவி பெலஜி. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் வேதம் வாசிக்கிறவள், ஊரில் பாதிப் பேர் அவள் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள்.

நல்ல கமிட்டிதான். குறை சொல்லக்கூடாது. சுத்தமான ஊசி கொடுக்கிற அலமாரியை நர்ஸ் கட்டடத்தில் வைத்தால் ஒருத்தனும் வரமாட்டான், மீன் கொட்டகையின் பின்கதவில் வையுங்கள், அங்கே எவனும் எதற்காவது போவான் என்று கமிட்டியில் இருந்த ஓவிட் சொன்னான். அப்படியே வைத்தார்கள், ஆட்கள் வந்தார்கள். ரத்தச் சோதனை நாளன்று பிங்கோ ஆட்டமும் வைத்தார்கள். யார் எதற்கு வந்தார் என்று தெரியாது. இதெல்லாம் எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே தோன்றுகிற மூளை.

பெயரில்தான் சறுக்கியது.

எங்கள் பேச்சில் எந்தப் பொருளுக்கும் உயிர் உண்டு, இல்லை என்று பிரிவு இருக்கிறது. கெட்டிலுக்கு உண்டு. கல்லுக்கு உண்டு. நாங்கள் சுடுகிற பானக் ரொட்டிக்கு உண்டு. செருப்புக்குக் கிடையாது, ரத்தத்துக்குக் கிடையாது. இதயத்துக்கும் கிடையாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அப்படித்தான் பேசி வருகிறோம். ஆகவே புதுப் பெயர் எந்தப் பக்கம் என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். அதை 'அவர்' என்பதா, 'அது' என்பதா?

ஓவிட் எழுந்து, செத்த சொல்லாகவே வைத்துவிடுங்கள், உயிருள்ள சொல்லாக வைத்தால் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் சிரிப்பது எங்கள் வழக்கம்.

பெலஜி சிரிக்கவில்லை. "பேரு வெக்கிறது பயமுறுத்துறதுக்கு இல்ல. இது வந்தவங்கள நாம ஒதுக்கக்கூடாது. இப்ப வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்துட்டாரு. போகமாட்டேங்குறாரு. என்ன பண்ணுவோம்? வெளிய தள்ளுவமா? ஒரு ஓரமா எடம் குடுத்து, மருந்தக் குடுத்து, சத்தம் போடாம உக்கார வெப்போம். அவ்வளவுதான் இது."

ஹாலில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நர்ஸம்மா நகரத்திலிருந்து வந்த வெள்ளைக்காரி. மொழிபெயர்த்துச் சொன்னதும், எவ்வளவு அழகான பெயர் என்று கையைக் கூப்பாத குறைதான். போகாத விருந்தாளி. உயிருள்ள சொல். மறுநாளே எங்கள் ரேடியோவில் வந்துவிட்டது.

விருந்தாளி என்றால் சாப்பிட வேண்டுமே. எங்கள் வீடுகளில் முதல் துண்டு விருந்தாளிக்கு. தின்று முடித்து எழுந்தார் என்றால் அடுத்த வீட்டுக்குப் போவார், அங்கேயும் முதல் துண்டு அவருக்கு. சோதனை நாளில் நர்ஸம்மா ரத்தத்தாலும் ஊசியாலும் படுக்கையாலும்தான் வரும், சோற்றால் வராது என்று படம் போட்டுக் காட்டினாள். கேட்டால் குழந்தைகூட ஒப்பிக்கும். ஆனால் அவள் சொன்னது எழுத்து எழுத்தாகக் கோத்த ஒரு வெளியூர்ப் பெயரைப் பற்றி. அந்தப் பெயருக்கு வாய் கிடையாது. நாங்கள் வைத்த பெயருக்கு வாய் இருந்தது, பசி இருந்தது. முதல் பனி விழுவதற்குள், அவர் யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று ஆட்கள் மெல்லக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பெலஜியின் தங்கை வெர்னா. மீன் கொட்டகையில் கத்தி பிடிக்கிறவள். புருஷன் கார்னெட் நகரத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனான், நுரையீரல் என்று சொன்னார்கள், அவளும் நம்பினாள். தலைவியின் வீட்டார் முதலில் நின்றால்தான் ஊர் நிற்கும் என்று பெலஜி சொன்னதால் சோதனை வரிசையில் அக்காவுக்குப் பின்னால் தங்கை நின்றாள். அக்காவுக்கு ஒன்றுமில்லை. தங்கைக்கு விருந்தாளி வந்திருந்தார்.

வெர்னா அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள், அக்காவிடம். பெலஜி தங்கையைக் கட்டிப் பிடித்து அழுதாள். உண்மையாகவே அழுதாள். அந்த வாரமே வெர்னாவின் மகள் ஜோஸ்லினைத் துணிமணியோடு தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீ உடம்பு தேறும் வரைக்கும்தான் என்றாள். எங்கள் முறையில் அம்மாவின் அக்காவும் அம்மாதான், சொல்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள் என்று யாரும் சொல்லவில்லை. பெலஜிக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். ஏரியின் விரிகுடாவுக்கு அந்தக் கரையில் பெலஜி வீடு, இந்தக் கரையில் வெர்னா வீடு. சாயங்காலம் அங்கே விளக்கு போடுவது இங்கிருந்து தெரியும்.

வெர்னாவின் நோயைப் பற்றி ஊரில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது வெர்னாவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஓவிட்டால்.

ஓவிட் அவளுடைய தாய்மாமன் மகன். கேலி முறை. எங்களிடம் அந்த முறைக்காரன் கேலி செய்யாமல் போனால்தான் குற்றம். மீன் கொட்டகையில் நாற்பது பேர் முன்னால், "ஏ புள்ள, ஒன் இடுப்பு இந்த மரியா மீன் மாதிரி வழுவழுன்னு ஆயிட்டே போகுது, நான் கட்டியிருந்தா இப்படியா விட்டிருப்பேன்" என்பான். அவள் மீன் குடலை எடுத்து அவன் மேல் வீசுவாள். அவன் பெண்டாட்டியும் சேர்ந்து சிரிப்பாள். சின்ன வயசிலிருந்து நடக்கிறது இது.

ஜோஸ்லின் போன பிறகு ஒரு நாள் அவள் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஓவிட் தொப்பியைத் தொட்டான். "வாங்க வெர்னா. நல்லாருக்கீங்களா? குளிர் அதிகமா இருக்கு, பாத்து இருங்க" என்றான்.

வெர்னா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நர்ஸம்மா சோதனை முடிவைச் சொன்ன அன்றுகூட அவள் அழவில்லை. அந்த 'வாங்க'வுக்குத்தான் அழுதாள். வைதிருந்தால் திருப்பி வைதிருப்பாள். மரியாதை கொடுத்துவிட்டார்கள், அதை என்ன செய்வது?

மருந்து கேட்டது. ஒழுங்காகத் தின்றாள். மறு வருஷம் நர்ஸம்மா, இப்போது உன் ரத்தத்தில் தேடினாலும் கிடைக்கவில்லை, உன்னால் இனி யாருக்கும் வராது என்று அவளைக் கட்டிக்கொண்டாள். வெர்னா அங்கிருந்து நேராகப் பனியில் விரிகுடாவைக் கடந்து அக்கா வீட்டுக்குப் போனாள். கதவுக்கு முன்னால் இருக்கிற பூட்ஸ் கழற்றும் அறையிலேயே நின்றாள். உள்ளே வா என்று பெலஜி சொல்லவில்லை, ஆனால் ஒரு நாற்காலியை அந்த அறைக்கே கொண்டு வந்து போட்டாள். உள்ளே ஜோஸ்லின் ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைய எப்ப அனுப்புற அக்கா?"

"அனுப்பமாட்டேன்னு சொன்னனா?"

"நர்ஸம்மாவே சொல்லிட்டாங்க. ஒண்ணுமில்லைன்னு."

"எனக்குத் தெரியாதா? நாந்தான கமிட்டி. ரேடியோவுல நானே சொல்றேன் அத." பெலஜி குரலைத் தாழ்த்தினாள். "நான் நம்புறேன் வெர்னா. ஊரு நம்பணும்ல. இப்ப அவள அனுப்பிட்டேன்னு வெய்யி, நாளைக்கு பள்ளிக்கூடத்துல அவ பக்கத்துல எந்தப் பிள்ளை உக்காரும்? அவ தட்டத் தனியா வெப்பாங்க. நான் பரிமாறுற எடத்துலயே வெப்பாங்க. அதப் பாத்துட்டு நிப்பனா?"

வெர்னா பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள்.

"மார்ச்சுல கமிட்டி விருந்து இருக்கு. நம்ம ஆளு ஒருத்தங்க எழுந்து நின்னு பேசணும்னு நர்ஸம்மா கேட்டுக்கிட்டே இருக்கா. நீ பேசு. பேசி முடிச்சிட்டு, நீயே சமைச்சதப் பரிமாறு. ஊரு ஒன் கையால வாங்கிச் சாப்பிட்டுச்சுன்னா மறுநாள் காலையில ஜோஸ்லின் ஒன் வீட்டுல இருப்பா. இது கோயில்ல நின்னு சொல்றமாதிரி."

"எல்லாரும் சாப்பிட்டா?"

"பானை காலியானாப் போதும்" என்றாள் பெலஜி.

விருந்துக்கென்று ஓவிட்டின் மகன்கள் ஒரு மூஸ் மானை அடித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் சூப்புக்கும் வறுவலுக்கும் தொடைகளை எடுத்துக்கொண்டார்கள். வெர்னா கேட்டு வாங்கியது விலா இறைச்சியும் குடலும். மூஸ் குடல் எங்களுக்குப் பெரிய சங்கதி. உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெந்நீரில் அலசி, மறுபடி அலசி, கொழுப்பு உள்ளே போகும்படி புரட்டி, பின்னலாகப் பின்னி வேகவைப்பது. இடுப்பு விட்டுப்போகும். அவசரக்காரிகள் மூன்று புரியாகப் பின்னிப் போட்டுவிடுவார்கள், பெலஜிகூட அப்படித்தான். நான்கு புரியாகப் பின்னுகிறவள் நீர்நாய்த்துறையில் வெர்னா ஒருத்திதான். மெல்லும்போது நடுவிலிருந்து கொழுப்பு உருகி வருவது அந்தப் பின்னலில்தான். நல்ல நாளில் அவள் வீட்டு முன்னால் கிண்ணத்தோடு நின்றவர்கள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

இரண்டு நாள் அவள் வீட்டுப் புகைபோக்கி ஓயவில்லை. அடுப்படி முழுக்க ஆவி. உலர்ந்த காட்டுப்பழம் போட்டு பானக் ரொட்டியும் சுட்டாள். கையை முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் சிவந்து போயிற்று. கழுவுவதற்கு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கழுவினாள்.

எங்கள் விருந்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் கிண்ணத்தைத் துணியில் கட்டிக் கொண்டுவர வேண்டும். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அது பெரிய அவமானம். வயிறு நிறைந்துவிட்டால் மூடியைப் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கக்கூடாது. இது தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது.

ஹால் நிறைந்திருந்தது. வெர்னா எழுந்து நின்று, காகிதம் எதுவும் இல்லாமல் பேசினாள். கார்னெட்டைப் பற்றிப் பேசினாள். நான் மாத்திரை சாப்பிடுகிறேன், கொட்டகையில் வேலை செய்கிறேன், என் வலையை நானே தூக்குகிறேன், என் மகள் என்னோடு இருக்க வேண்டும் என்றாள். இவ்வளவுதான் பேச்சு. நீளமாகக் கைதட்டினோம். கிழவிகள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். பிறகு நர்ஸம்மா கேள்வி கேட்டாள். ஒரே தட்டில் சாப்பிட்டால் வருமா? வராது என்றோம் எல்லாரும். ஒரே கோப்பையில் குடித்தால்? வராது. கட்டிப் பிடித்தால்? வராது. ஒரு பதில்கூடத் தப்பவில்லை.

சாப்பாடு வந்தது. எது முதலில், எது பிறகு என்று தீர்மானித்தது பெலஜி. மீன் சூப்பு முதலில். வறுத்த தொடை அடுத்தது. உருளைக்கிழங்கு, மக்ரோனி, அரிசி, கேக். வயிறு முட்டின பிறகு, கடைசியில் வெர்னாவின் பானைகள். தெரிந்துதான் செய்தாளா, தங்கையைக் காப்பாற்றச் செய்தாளா, ஊரைக் காப்பாற்றச் செய்தாளா என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அவளையே கேட்டாலும் அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

வெர்னா பானையோடு வரிசையாக வந்தாள். ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கிண்ணத்தை நீட்டினார்கள், இரண்டு கையாலும் நீட்டினார்கள். போடு, இன்னும் போடு என்றார்கள். வாசம் அப்படி இருந்தது. வாங்கிக்கொண்டு, வயிறு நிறைஞ்சிருச்சு, வீட்டுல போய் நிதானமா சாப்பிடுறோம் என்று மூடியைப் போட்டார்கள். நர்ஸம்மா மட்டும் நின்ற இடத்திலேயே பின்னலைக் கையால் பிய்த்துத் தின்று விரலையும் சப்பினாள். வெளியூர்க்காரி, நாகரிகம் தெரியாதவள் என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள்.

ஓவிட்டின் முறை வந்தது. அவன் கிண்ணம் கொண்டுவரவில்லை, நீலப் பூப் போட்ட பழைய பன்றிக்கொழுப்பு வாளியைக் கொண்டு வந்திருந்தான்.

"நெறயப் போடு புள்ள" என்றான். "ஒன் கையால தின்னுட்டு செத்தாலும் பரவால்ல. எம் பொண்டாட்டி சமையலத் தின்னு எப்பிடியும் சாகத்தான் போறேன்."

ஹால் முழுக்கச் சிரித்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து 'புள்ள' வந்திருக்கிறது. வெர்னா, "மச்சான், ஒன் வாளிக்கு இல்ல, ஒன் வாய்க்கு ஒரு மூடி வேணும்" என்று திருப்பிக் கொடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே துடைத்தாள். ஓவிட் இரண்டாம் தடவையும் வாங்கி, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினான்.

பானைகள் காலியாகிவிட்டன. வெர்னா ஒவ்வொன்றையும் சாய்த்து அக்காவிடம் காட்டினாள். பெலஜி தலையாட்டினாள். மேசைக் கோடியில் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஜோஸ்லினும் பார்த்தாள்.

இனிமேல் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூஸ் இறைச்சியைக் குப்பையில் போடக்கூடாது. நாய்க்குப் போடவே கூடாது. போட்டால் மூஸுக்கு அவமானம், மறு வருஷம் கண்ணிலேயே படாது. தின்ன முடியாததைப் புகையிலை ஒரு சிட்டிகை வைத்து, ஒரு வார்த்தை சொல்லி, தண்ணீரில் விட வேண்டும். ஏரி கல்லாக உறைந்திருக்கிற மார்ச் மாதத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது? மீன் வலை போட அவரவர் பனியில் வெட்டி வைத்திருக்கிற குழியில் இருக்கிறது. அன்று விருந்து முடிந்து இருட்டுகிற நேரத்தில் விரிகுடா முழுக்க ஸ்கிடூ பனி வண்டிகள் ஓடின. ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு சொல்லவில்லை, சேர்ந்து பேசவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் குழியில் படர்ந்த மெல்லிய பனியை உடைத்து, தொப்பியைக் கழற்றி, புகையிலை போட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்தார்கள். மூஸுக்குச் செய்ய வேண்டிய எதிலும் குறை வைக்கவில்லை. பானக் ரொட்டி அடுப்புக்குப் போயிற்று. வெர்னாவின் வீடு அந்த நேரம் விளக்கு வெளிச்சமாக இருந்தது. மகளுக்காக அவள் படுக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

காலையில் பெலஜியின் புருஷன் ஜோஸ்லினைக் கொண்டு வந்து இறக்கிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே திரும்பினான். பிள்ளை கையில் சின்னப் பை ஒன்றுதான். துணிமணி பிறகு வரும் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். பைக்குள் துணியில் கட்டிய கிண்ணம் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, என் வீட்டில் தட்டு இல்லையா கண்ணு என்றாள். ஜோஸ்லின் பையை மூடினாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். முன்பல் புதிதாக முளைத்திருந்தது.

வலை தூக்கப் போவோமா என்று கேட்டதும்தான் முகம் மலர்ந்தது. ஸ்லெட்ஜ் சறுக்கு வண்டியில் கடப்பாரை, மண்வெட்டி, கயிறு எல்லாம் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். காற்று கிழக்கிலிருந்து அடித்தது. வெர்னா குழியின் பனியைக் குத்தி உடைத்தாள். வலையின் மறுகோடியில் வெட்டிய குழியருகே ஜோஸ்லின் உட்கார்ந்துகொண்டாள். வலை நுனியில் கட்டிய கயிறு பனிக்கு அடியில் போகிறதைச் சிக்காமல் விட வேண்டியது அவள் வேலை. வெர்னா கையுறையைக் கழற்றி இழுத்தாள். இரண்டு வெள்ளை மீன், பிறகு மரியா. மறுபடி மரியா. அடுத்ததும் மரியா. தடித்து வழுவழுவென்று வந்தன, வயிறு புடைத்துப் போயிருந்தது. இவ்வளவு மரியா ஒரே தூக்கில் வந்து அவள் பார்த்ததில்லை. "நீ வந்த நேரம்" என்று கத்தினாள் மகளைப் பார்த்து. ஜோஸ்லின் அந்தக் கோடியிலிருந்து கை ஆட்டினாள். பிறகு கயிற்றைப் பிடித்து முழு பலத்தோடு பின்னால் சாய்ந்து வலையைத் திரும்ப இழுத்துக் கொடுத்தாள்.

மரியா கெளுத்திக்கும் விலாங்குக்கும் பிறந்த மாதிரி ஒரு மீன். ஏரியின் அடியில் கிடந்து, எதிரே வருவதையெல்லாம் விழுங்கும். சதை சுமார்தான், ஈரல்தான் விசேஷம். பெரிசாக, வெண்ணெய் நிறத்தில் இருக்கும். ஜோஸ்லினுக்கு அது என்றால் உயிர். அம்மாவுக்கும் மகளுக்கும் இதில் ஒரு விளையாட்டு உண்டு. வயிற்றை அறுப்பதற்கு முன் உள்ளே என்ன என்று சொல்ல வேண்டும். சொன்னது சரியாக இருந்தால் முதல் ஈரல். கூழாங்கல் இருந்திருக்கிறது, தவளை இருந்திருக்கிறது, ஒரு தடவை ஓவிட் தொலைத்த தூண்டில்கூட இருந்திருக்கிறது.

சமையலறை மேசையில் அட்டையை விரித்து வெர்னா முதல் மரியாவைப் போட்டாள். ஈரலை எடுத்துத் தனியாக வைத்தாள். வயிற்றுப் பையை விரலால் அழுத்தி, "ம், சொல்லு" என்றாள்.

"சின்ன மீனு."

"கல்லு" என்றாள் வெர்னா. "கெட்டியா இருக்கு."

அறுத்தாள். கல் இல்லை. வெள்ளையாக, வழுவழுவென்று, ஒரு சாண் நீளத்தில் வெளியே சரிந்தது. ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது. பின்னல் பிரியவில்லை. நான்கு புரி.

வெர்னா அதைக் கத்தி நுனியால் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டாவது மீனை எடுத்து அறுத்தாள். விலா இறைச்சி, அவள் வெட்டிய அளவிலேயே. மூன்றாவதிலும் பின்னல். நான்காவதையும் அறுத்தாள். அறுக்காமலே இருந்திருக்கலாம். கை நிற்கவில்லை.

ஜோஸ்லின் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். குழந்தைதானே. "இது நாங்க போட்டதா, ஓவிட் மாமா போட்டதாம்மா?" என்று கேட்டாள். "மாமா குழி எங்களுக்குப் பக்கத்துலதான் இருக்கு. பெரியம்மா எனக்கும் பொகையிலை குடுத்தாங்க. நானும் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"நன்றின்னு. மூஸுக்கு."

வெர்னா அட்டையைச் சுருட்டினாள், கையைக் கழுவினாள், அடுப்பில் சட்டியை வைத்தாள். ஈரல்களை மாவில் புரட்டிப் பொரித்தாள். பொன்னிறமாக வந்தது. ஜோஸ்லினுக்கு எச்சில் ஊறுவது முகத்தில் தெரிந்தது. வெர்னா ஒரு தட்டில் வைத்து, உப்பு தூவி, மகளுக்கு முன்னால் நகர்த்தினாள்.

ஜோஸ்லின் தட்டைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பையிலிருந்து துணிக்கட்டை எடுத்து அவிழ்த்து, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வயிறு நெறஞ்சிருக்கும்மா. வீட்டுல போய் நிதானமா சாப்பிடுறேன்."

நன்றாக வளர்த்திருந்தாள் பெலஜி. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லாத பிள்ளை. எந்த வீடு என்று வெர்னா கேட்கவில்லை. ஈரல் எல்லாவற்றையும், தட்டில் ஒட்டிய தூளைக்கூட விடாமல், அந்தக் கிண்ணத்தில் தானே எடுத்து வைத்தாள். மூடியைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தினாள். துணியை மகள்தான் கட்டினாள். கட்டி, கதவோரம் தன் பூட்ஸுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தாள்.

மத்தியானம் பெரியப்பாவின் ஸ்கிடூ சத்தம் பனியில் கேட்டது. வெர்னா குனிந்து மகளுக்குக் கழுத்துத் துணியைச் சுற்றிவிட்டாள், காதை மூடினாள்.

"போற வழியில நம்ம வலைப் பக்கம் போட்டுறாத கண்ணு" என்றாள். "தள்ளிப் போயி போடு. இல்லன்னா நாளைக்கி திரும்ப எங்கைக்கே வந்துரும்."